வேர் பார்த்து நடக்கும் முடி

பார்லர்காரிக்கு உலகத்தில் பல பேர் மேல் கோபம் உண்டு. அதில் மூத்த கோபம் அண்ணியின் தலைமுடி மேல்தான்.

அண்ணி என்றால் அவளுடைய அண்ணன் மனைவி. பழுதான மோட்டார்களுக்குச் செம்புக்கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கொடுக்கிற கடையில் வேலை. நாள் முழுக்க வார்னிஷும் கிரீஸுமாக நிற்கிற அந்த மனுஷி தலைக்கு ஷாம்பு போடமாட்டாள். ஊறவைத்த வெந்தயத்தின் கொழகொழத் தண்ணீர், நசுக்கிய செம்பருத்தி இலை, அகலப் பல் வைத்த மரச்சீப்பு, துவட்ட ஒரு பழைய பருத்தித் துணி, அவ்வளவுதான். நாத்தனார் ஒருத்தி ஊர் தலைக்கெல்லாம் ஷாம்பு போட்டுப் பிழைக்கிறாள். அவள் கடைக்கு எதிர்விளம்பரம் மாதிரி, முழங்காலைத் தொடும் முடி ஒன்று வீட்டுக்குள்ளேயே நடமாடினால் பற்றிக்கொண்டு வருமா வராதா?

வரும். வந்தது. அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே, இன்றைக்குத் தலையில் என்ன தாளித்தீர்கள் என்று கேட்பாள். கிரீஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு வெந்தயத்தால் கழுவினால் எந்தக் காலத்தில் அழுக்குப் போகும் என்று அண்ணனிடம் ஜாடை பேசுவாள். அண்ணி சிரித்துக்கொண்டே முடியை உதறி முடிந்துகொண்டு போய்விடுவாள். அந்தச் சிரிப்பு இன்னும் எரிச்சல்.

அப்புறம் பார்லர்காரியின் முடி கொட்டத் தொடங்கியது. முதலில் பின்மண்டையில் காசு அளவுக்கு ஒரு வழுக்கை. புழுவெட்டு, சரியாகிவிடும் என்றார்கள். அது கையகலமானது. பிறகு தலையணையில், சீப்பில், குளியலறைத் தரையில் என்று கொத்துக் கொத்தாக விழுந்து, மழைக்காலம் முடிவதற்குள் ஒன்றும் மிச்சமில்லை. உடம்பே தன் முடியின் வேரை எதிரி என்று தப்பாக நினைத்துத் தாக்குகிறது, திரும்ப வளரலாம், வளராமலும் போகலாம் என்றார் டாக்டர். அவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டினாள். கட்டிய புருஷனுக்குக்கூட அந்தத் தலையைக் காட்டவில்லை. பார்லரின் ஷட்டரை இறக்கினாள். மொட்டைத் தலைக்காரியிடம் முடி அலங்காரத்துக்கு எவள் வந்து உட்காருவாள்? கடையில் விற்கிற விக் ஒன்றை வைத்துப் பார்த்தாள். கண்ணாடியில் துணிக்கடைப் பொம்மை ஒன்று அவளைப் பார்த்து முழித்தது.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம் அண்ணி பார்லருக்கு வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

“வெட்டு.”

“எதுக்கு?”

“உனக்குத்தான். இதுல விக் கட்டிக்கோ. கடையத் திற.”

பார்லர்காரி என்னென்னவோ மறுத்துப் பார்த்தாள். அண்ணி காது கொடுக்கவில்லை. முடியைப் பின்னி, பின்னலின் இரண்டு முனையையும் கட்டிவிட்டுக் கத்தரியை வைத்தபோது அது உள்ளே போக மறுத்து நழுவியது. வெட்டி முடித்ததும் பின்னல் கையில் விழுந்தது. எத்தனையோ முடி வெட்டியிருக்கிறாள், ஆனால் இப்படிக் கனத்த ஒன்றை அவள் ஏந்தியதே இல்லை. அண்ணி கண்ணாடியில் தன் குட்டை முடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பிடரியில் காற்றுப் படுவது நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

முடியை அப்படியே கொண்டுவா, எதுவும் செய்யாதே என்றுதான், விக் கட்டித் தருகிற விக் மாஸ்டர் போனில் சொல்லியிருந்தார். ஆனால் கை சும்மா இருந்தால் அது பார்லர்காரியின் கை இல்லை. அவள் இதுவரை கையாண்ட வெட்டுமுடியெல்லாம் விலைக்கு வாங்கியது. முடி நீட்டிப்புக்காக வருவது. அதைத் துணி துவைக்கிற மாதிரி கசக்கினாலும் ஒன்றும் ஆகாது. அதே நினைப்பில் பின்னலை அவிழ்த்துத் தொட்டியில் போட்டு, இருக்கிறதிலேயே உயர்ந்த ஷாம்பைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் பரபரவென்று தேய்த்தாள். வெந்தய வாசனை போகும்வரை தேய்த்தாள். எந்த முனையில் போட்ட கட்டு எப்போது கழன்றது என்று அவளுக்குத் தெரியாது. நுரை வடிந்தபோது தொட்டியில் கிடந்தது பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி ஒரு உருண்டை. பிரிக்க இழுத்தாள். இழுக்க இழுக்க அது இறுகியது.

விக் மாஸ்டர் உருண்டையை உருட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். ஒவ்வொரு முடியின் மேலும் மீனுக்கு இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கிறது, எல்லாம் நுனியைப் பார்த்துப் படுத்திருக்கும் என்றார். விற்பனை முடியில் அதை அமிலத்தில் போட்டு எரித்துவிடுவார்களாம். இதில் எரிக்காத செதில். தலைமாடு கால்மாடாகக் கலந்து தேய்த்ததில் ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டது. பிரித்தாலும் எது வேர், எது நுனி என்று தெரியாமல் கட்டினால் தலையிலேயே மறுபடி சடையாகிவிடும் என்றார்.

“விடும்மா. நான் வாங்கின முடியிலயே கட்டித் தர்றேன். இதே நிறம், இதே நீளம். உங்க அண்ணிக்கு எங்க தெரியப் போகுது?”

தெரியாதுதான். அதுதான் அவளைக் குடைந்தது. யாரோ ஒருத்தியின் முடியை இவள் சூடிக்கொண்டு நிற்க, அண்ணி அதைத் தன்னுடையது என்று நினைத்துத் தொட்டுப் பார்த்துச் சந்தோஷப்படுவாள். யோசித்துச் சொல்கிறேன் என்று உருண்டையைத் தூக்கிக்கொண்டு பார்லருக்கே வந்தாள்.

ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஊசிவால் சீப்பால் நோண்டினாள். அரை மணி போராடியும் ஒரே ஒரு முடிதான் முழுசாக வெளியே வந்தது. முடியின் தடிமன் பார்க்கக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து முன்னும் பின்னும் தேய்ப்பது எல்லா பார்லர்காரிகளுக்கும் உள்ள பழக்கம். யோசனையில் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். முடி நகர்ந்தது.

காற்று என்று நினைத்து மின்விசிறியை நிறுத்தினாள். மறுபடி தேய்த்தாள். முடி விரல்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வெளியே வந்தது. முடியைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துத் தேய்த்தாள். இப்போது கீழ்நோக்கிப் போனது. எப்படித் திருப்பினாலும் ஒரே முனையைத்தான் முன்னே வைத்தது. அந்த முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். கத்தரி பட்ட நேர்வெட்டு. வேர்ப்பக்கம்.

செதில் எல்லாம் நுனியைப் பார்த்துப் படுத்திருந்தால் முடி நுனிப்பக்கம் போக முடியாது, வேரைப் பார்த்துத்தான் வழுக்கும் என்று அவளுக்கே புரிந்தது. புரிந்த பிறகும் மேனி சிலிர்ப்பது நிற்கவில்லை. முடி செத்த பொருள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்தச் செத்த பொருள் எந்தத் தலையிலிருந்து வந்தோம், எந்தப் பக்கம் அந்தத் தலை என்று மறக்காமல் நடக்கிறது.

விற்பனை முடி வைத்த பயிற்சிப் பொம்மையின் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கித் தேய்த்தாள். அசையவில்லை. பழைய பிரஷில் சிக்கியிருந்த தன் முடி ஒன்றை எடுத்தாள்; சாயமும் சூட்டுக்கருவியும் விலையுயர்ந்த ஷாம்புமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்தது. வேருக்குப் பக்கத்தில் பிடித்தால் நடந்தது, நடுவில் தயங்கியது, நுனியில் பிடித்துத் தேய்த்தால் நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணியின் முடியை நுனியோ நுனியில் பிடித்தாள். அது கிடுகிடுவென்று நடந்தது.

அந்த நுனி அண்ணியின் தலையை விட்டு வெளியே வந்தபோது இந்த பார்லரே கிடையாது. அதற்கப்புறம் எத்தனை வெயில், எத்தனை தலையணை, எவ்வளவு வார்னிஷ் புகை. அத்தனையும் கடந்து கண்ணுக்குத் தெரியாத செதில் ஒவ்வொன்றும் போட்டது போட்டபடி இருக்கிறது. தாளிக்கிற சாமானைப் போட்டுக் கழுவிய முடி. பார்லர்காரி ஒரு முடியை விரலில் வைத்துக்கொண்டு கோவிலில் நிற்கிறவள் மாதிரி நின்றாள். இத்தனை நாள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

எது வேர் என்று தெரிந்துவிட்டது. ஆனால் உருண்டையைப் பிரிக்க வழவழப்பாக ஏதாவது வேண்டும். அது என்னவென்று தெரிந்த ஆள் ஒருத்திதான். போனை எடுத்தாள்.

“அண்ணி, நீங்க தலைக்குப் போடுற தண்ணிய எப்படிப் பண்றது?”

வருகிறேன் என்று மட்டும் மறுமுனையில் கேட்டது.

அண்ணி வேலை உடுப்போடு, ஒரு டப்பா நிறைய ஊறிய வெந்தயத்தோடு வந்தாள். மேஜை மேலிருந்த உருண்டையைப் பார்த்தாள். தொடவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“வேற யாராவது குடுத்திருந்தாலும் இப்படித்தான் தேய்ச்சிருப்பியா?”

பொய் சொல்ல நல்ல இடம். வாங்கிய முடி என்ற நினைப்பில் செய்துவிட்டேன் என்றால் பாதி உண்மையாகவும் இருக்கும்.

“இல்ல அண்ணி. அழுக்குன்னு நெனச்சேன்.”

அண்ணியின் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டால் அந்த முகம் சரியாகிவிடும் என்று தோன்றவில்லை. அந்த ஒற்றை முடியை எடுத்து அண்ணியின் விரல்களுக்கு நடுவே வைத்து, தேய்த்துப் பாருங்கள் என்றாள். வேண்டாவெறுப்பாகத் தேய்த்த அண்ணியின் கை சட்டென்று நின்றது. திருப்பிப் பிடித்தாள். மறுபடி தேய்த்தாள். வார்னிஷ் ஒட்டிய அந்த விரல்களுக்கு நடுவிலிருந்து முடி தலையைத் தேடிக்கொண்டு வெளியே வந்தது.

“இத்தனை வருஷம் என் தலையிலயே இருந்துச்சு. இதுக்கு இப்படி ஒரு புத்தி இருக்குன்னு எனக்கே தெரியாதே.”

இருவரும் அந்த முடியை மாறி மாறி நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு அண்ணி டப்பாவைத் திறந்தாள்.

சிக்கிய கம்பியை ஒருநாளும் இழுக்காதே, வளையத்தைத் தேடித் தளர்த்து என்பது அண்ணியின் கடைச் சட்டம். கொழகொழத் தண்ணீரில் ஊறிய உருண்டை அவள் கையில் இழை இழையாக மனமிரங்கியது. உலர்ந்த முடிகளை விரலில் நடக்கவிட்டு, வேர்களையெல்லாம் ஒரு பக்கமாக அடுக்குவது பார்லர்காரியின் வேலை. ஒவ்வொரு சாயங்காலமும் இதுவே நடந்தது. வீட்டில் சோறு யார் பொங்குவது என்று சண்டை பிடிக்க வந்த அண்ணன் ஒரு முடியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, சண்டையை மறந்து கூட உட்கார்ந்துவிட்டான். கொஞ்சம் முடி அறுந்து வீணானது. ஆனாலும் மேஜையில் ஒரு பக்கமாகத் தலைவைத்துக் கிடந்த கற்றைகளைப் பார்த்த விக் மாஸ்டர், எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்கவே மறந்து, அதைத் துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார்.

விக் இடுப்பளவுக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு நாளைக்குக் கடை திறப்பது என்று முடிவு. அண்ணி அதை எடுத்து ஓரமாக வைத்தாள்.

“மொதல்ல தலையக் கழுவணும். துணிய எடு.”

பார்லர்காரியின் கை துணி முடிச்சில் போய் நின்றது. அண்ணி அவசரப்படுத்தவில்லை. தண்ணீரின் சூட்டைப் புறங்கையில் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது. விளக்கு வெளிச்சம் வெறும் தலையில் பட, அவள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டியின் மேல் குனிந்தாள். எத்தனையோ தலைகளை அவள் கழுவிய தொட்டி அது.

வெதுவெதுப்பான கொழகொழத் தண்ணீர் பிடரியில் விழுந்தது. அண்ணியின் கை பிடரியில் தொடங்கி, உச்சியைத் தாண்டி, நெற்றிக்கு வந்தது. அங்கே நின்றுவிடும் என்று பார்லர்காரி நினைத்தாள். நிற்கவில்லை. கண்ணைத் திறந்தாள். விரல்களை அகல விரித்தபடி அந்தக் கை அவள் முகத்துக்கு முன்னால் வெறும் காற்றில் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே தொங்க வேண்டிய முடி முழுவதையும் வருடிவிட்டுக்கொண்டே தொட்டியின் அடிவரை போனது. பிறகு மறுபடி பிடரிக்கு வந்தது.