ஆனாலும் மேடம்

மழை வருமா, குடை எடுக்கட்டுமா என்று கேட்டால்கூட என் மனைவியிடமிருந்து நேரான பதில் வராது. "வராதுன்னுதான் தோணுது. ஆனாலும் இன்னொரு பக்கம் பார்த்தா..." என்று இழுப்பாள். அதற்குள் நான் நனைந்தே போய்ச் சேர்ந்திருப்பேன்.

பல்கலைக்கழகத்தில் அவள் சட்டப் பேராசிரியை. அகதிகள், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாதவர்கள், இவர்களுக்கான சட்டம்தான் அவள் பாடம். மாணவர்கள் வைத்த பெயர் 'ஆனாலும் மேடம்'. வைத்த புண்ணியவான் யாரோ, கையெடுத்துக் கும்பிடலாம்.

அன்று தீர்ப்பாயத்தில் அவள் நிபுணர் சாட்சி. வழக்கு எங்கள் தெருமுனைத் தையல்காரருடையது. கைக்குழந்தையாக இங்கே வந்தவர். தாத்தாவின் நாட்டுக்குப் போ என்று அரசு அவரை இரண்டு முறை பிடித்து அடைத்து வைத்தது. அந்த நாடோ, இவர் யாரென்றே தெரியாது என்று கையை விரித்துவிட்டது. எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை என்று தீர்ப்பானால் இங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் மறுபடியும் கம்பிக்குப் பின்னால்தான். அவர் மனைவி என் பக்கத்தில் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

அரசு வக்கீல் எழுந்தார். அவர் கையில் என் மனைவி எழுதிய புத்தகம்.

"தாத்தா குடிமகனா இருந்தா பேரனும் குடிமகன்தான்னு வாதாட இடமிருக்கு. நீங்க எழுதினதுதானே மேடம்?"

"நான் எழுதினதுதான்."

தனக்கு எதிரான வாதத்தையும் ஒளிக்காமல் எழுதி வைப்பது அவர்கள் தொழிலில் ஒரு மரியாதை. எதிராளி கையில் கம்பை நீயே கொடுப்பாயா என்று நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். இப்போது அந்தக் கம்பு தையல்காரர் முதுகில் இறங்கப் பார்த்தது.

"அப்போ இவர் அந்த நாட்டுக் குடிமகனா இருக்கலாம்?"

"இருக்கலாம்னு வாதாடலாம். ஆனாலும்..."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மேடம், வகுப்பு வேண்டாம். இவருக்கு நாடு இருக்கா, இல்லையா?"

தையல்காரர் தலையைத் தூக்கவே இல்லை. என் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இல்லை," என்றாள். "அந்த வாதம் புத்தகத்துல மட்டும்தான் இருக்கு. அதை வச்சு அந்த நாடு இதுவரைக்கும் ஒருத்தருக்குக்கூட பாஸ்போர்ட் குடுத்ததில்ல. யாரை ஒரு நாடு தன் ஆளா நடத்துதுங்கிறதுதான் கேள்வி. இவரை எந்த நாடும் அப்படி நடத்தல. இவருக்கு நாடு இல்ல."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டாள். கல்யாணம் ஆன நாளாக அவள் இப்படி ஒரு பேச்சை முடித்து நான் பார்த்ததில்லை.

மதியமே தீர்ப்பு வந்தது: இவர் எந்த நாட்டுக் குடிமகனும் அல்ல, இங்கேயே வாழலாம். மேல்முறையீடு இல்லை என்று அரசு வக்கீலும் சொல்லிவிட்டார். அப்பாடா! தையல்காரரின் மனைவி அழுதுகொண்டே சிரித்தாள்.

"எனக்கு நாடே இல்லைங்கறாங்க, எல்லாரும் கை குடுக்கறீங்க," என்று தையல்காரர் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. "மேடம், இனிமே என்னைப் பிடிச்சிட்டுப் போக மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க," என்றாள்.

நான் 'ஆனாலும்' வருமென்று காத்திருந்தேன். வரவில்லை.

"போய்க் கடையைத் திறங்க. இவரோட பேன்ட் பாதித் தையல்ல கிடக்கு."