கழுத்தில் பூனைமுடி

கோர்னி வீபின் கால்சட்டை முழங்கால் வரை ஆரஞ்சு நிறமாகியிருந்தது. வயலில் இறங்கிய மூவருக்கும் அப்படித்தான். துருநோயின் பொடி தட்டினாலும் போகவில்லை.

"புதுத்துணி வாங்கினதா நெனைச்சுக்கறேன்." கோர்னி சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார்.

விதைச்சான்று ஆய்வாளர் ஓரெஸ்ட் சிரிக்கவில்லை. "துருவே பிடிக்காத கோதுமைன்னு சர்ச் வாசல்ல பீத்திக்கிட்டியே. மோர்டன் ரோட்டுல போறவன் எல்லாம் இப்ப வண்டிய நிறுத்திப் பாக்கறான்."

"பாக்கட்டும். கோதுமை மேல தப்பில்ல. விதைக்கிற மெஷின நான்தான் சரியாக் கழுவாம விட்டிருக்கேன். பழைய ரகம் கலந்துடுச்சு."

"கலப்புன்னு எழுதினா உன் விதை உரிமம் போயிடும்."

"தெரியும். எழுது."

லியோனா பக்கத்தில் நின்றிருந்தாள். கோர்னி அவள் அக்கா கணவர். அந்தக் கோதுமை அவள் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கியது. கோதுமையின் குரோமோசோம்களோடு ரை தானியத்தின் ஒரு ஜோடியும் அதில் இருந்தது. துருவைத் தடுப்பது அந்த ஜோடிதான். கோதுமைக்குள் அது அந்நியம். மகரந்தம் உண்டாகும்போது சில செடிகளில் ஒன்றோடொன்று சேராமல் பின்தங்கும், பிறகு தொலைந்துபோகும். இனித் தொலையாது, நிலைத்துவிட்டது என்று அவள் விதை வளர்ப்போர் கூட்டத்தில் அறிவித்திருந்தாள். பெருக்குவதற்கான விதையைக் கோர்னியிடம் கொடுத்திருந்தாள்.

அவள் வயலுக்குள் போனாள். கதிருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில், தண்டைக் கட்டைவிரலால் தடவினாள். ரை குரோமோசோம் இருந்தால் அங்கே பூனைமுடி இருக்கும். வழவழப்பாக இருந்தது. அடுத்ததும் வழவழப்பு. அதற்கடுத்ததும். பழைய ரகம் கலந்திருந்தால் இரண்டு விதமான செடிகள் நிற்க வேண்டும். இங்கே ஒரே விதம். அவளுடைய கதிர்தான், வெள்ளை உமி, சற்றே வளைந்த நுனி. ரை மட்டும் இல்லை.

போன கோடையில் பார்வையாளர்கள் வருமுன் சோதனைப் பாத்தியில் மற்றவற்றோடு ஒத்துப்போகாத கலவன் செடிகளைப் பிடுங்கியது அவள்தான். பாத்தி மட்டப்பலகை வைத்தது போலத் தெரிய வேண்டும். அவர்கள் வேலையில் எல்லோரும் செய்வது. ஒரு விரல் உயர்ந்து, பச்சை மாறாமல் நின்றவற்றை எல்லாம் பிடுங்கி அணைத்துக்கொண்டு போய் வரப்பில் போட்டாள். மணிக்கட்டில் ஏதோ மெத்தென்று பட்டது. குனிந்து பார்க்கவில்லை. குரோமோசோம்களை எண்ணிப் பார்க்க வேர்நுனிகளை அந்த வருடம் நுண்ணோக்கியில் வைக்கவும் இல்லை. படம் எடுத்தார்கள். பாத்தி அழகாக இருந்தது. மிச்சம் நின்றவற்றின் விதைதான் கோர்னிக்குப் போனது.

திரும்பி வந்தபோது கோர்னி பேசிக்கொண்டிருந்தார்.

"லியோனாவ இதுல இழுக்காத. இத்தனை வருஷம் அவ பாடுபட்டத நான் கெடுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை சாப்பிட வந்தா, அவ முகத்தப் பாக்கவே கூச்சமா இருக்கு."

போன ஞாயிற்றுக்கிழமையும் அவள் அவர் வீட்டில் சாப்பிட்டிருந்தாள். அவர் மன்னிப்புக் கேட்டிருந்தார். பரவாயில்லை என்றிருந்தாள்.

"அத்தான்," என்றாள். "கலப்பு இல்ல."

"விடும்மா."

"நான் கொடுத்த விதையே சரியில்ல. ரை இருந்த செடிங்களத்தான் நான் பிடுங்கிப் போட்டிருக்கேன். கலவன்னு நெனைச்சு."

ஓரெஸ்ட் பேனாவை நிறுத்தினார். கோர்னி வாயில் இருந்ததை மெல்வதை நிறுத்தினார்.

"எப்பத் தெரியும்?" என்றார் கோர்னி.

"இப்பதான் தடவிப் பாத்தேன்." பிறகு சொன்னாள், "நீங்க முதல்ல போன் பண்ணினப்பவே சந்தேகம் வந்துச்சு."

"அன்னிக்கு மெஷின் கழுவினீங்களான்னு நீதான கேட்ட?"

"ஆமா."

"கழுவினேன்." அவர் குரல் உயரவில்லை. "ரெண்டு தடவ கழுவினேன், லியோனா. நீ கேட்டதும் கழுவலையோன்னு எனக்கே தோணிடுச்சு. படிச்சவ கேக்கறான்னு."



ஓரெஸ்ட் தொண்டையைச் செருமினார். எழுதியிருந்ததை அடித்தார். "சொல்லுங்க டாக்டர். உங்க வாயாலயே சொல்லுங்க, அப்படியே எழுதிக்கறேன். இத வளர்ப்போர் கூட்டத்துல வாசிப்பாங்க. பரவாயில்லையா?"

"வாசிக்கட்டும்."

கோர்னி வண்டிக்குப் போவார் என்று நினைத்தாள். போகவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு அவளுக்கு நேர் எதிரே வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்காமல், அவள் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.