நாற்பத்திரண்டு சதுரங்கள்

தோட்டத்து மணி நாலரைக்கு அடிக்கும். கிரகோரி அதற்கு முன்பே எழுந்துவிடுவான். முகம் கழுவுவான். அடுப்பு மூட்டி வரக்காப்பி போடுவான், ஒரு கோப்பைதான். காக்கிக் கால்சட்டை மாட்டுவான், சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவான். பிறகு ஜன்னலோரம் போய், பஞ்சடைத்த சின்னத் திண்டிலிருந்து ஓர் ஊசியை உருவி, வெள்ளை நூல் கோத்து, நுனியில் முடிச்சிட்டு, அதே திண்டில் குத்திவைப்பான். விளக்கை அணைத்துவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு நடப்பான். வரிசையில் நிற்கும் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது தோட்டத்து எழுத்துவேலை பார்க்கும் கிராணியான அவன் பொறுப்பு.

இருபத்தாறு நாளாக இதில் ஒரு மாற்றமும் இல்லை. இருபத்தாறு நாளுக்கு முன் அவன் மனைவி கத்தரின் மலைக்காய்ச்சலில் இறந்துபோனாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்.

அவள் விட்டுப்போன வேலை ஒன்று ஜன்னலோரக் கூடையில் கிடந்தது. மடிப்போர்வை. அவளுடைய அப்பா ரபேலுக்காகத் தைத்தது. ஜொகூர் பாருவில் ரயிலில் வேலை பார்த்து ஓய்ந்த மனிதர். மழை பிடித்தால் முழங்கால் இரண்டும் பேசும். நாற்காலியில் உட்கார்ந்தபடி தேய்த்துக்கொண்டே இருப்பார். முழுப் போர்வை எதற்கு, மடியை மூடினால் போதும் என்று கத்தரின் கணக்குப் போட்டாள். கான்வென்ட் சிஸ்டர்களிடம் கற்ற வேலை. பழைய சேலை, கைலி, அவன் கிழிந்த சட்டை, எல்லாம் சதுரம் சதுரமாக வெட்டி, ஆறு சதுரம் ஒரு வரிசை, ஏழு வரிசை. ஐந்து வரிசை முடித்திருந்தாள். மீதி இரண்டு வரிசைக்கு வெட்டிவைத்ததில் நாலு சதுரம் குறைந்தது.

அவன் அதைத் தொட்டிருக்கமாட்டான். மாமனாரின் கடிதம்தான் தொடவைத்தது.

"முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறேன். கல்லறைக் கல் ஏறக்குறைய முடிந்தது. கொத்துகிற சீனனுக்குத் தமிழ் தெரியாது. நான் எழுதிக் கொடுத்ததைப் படம் மாதிரி பார்த்துச் செதுக்குகிறான். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். பேரும் தேதியும் ஆயிற்று. 'சேசு மரி சூசை என்று சொல்லிக் கண்மூடினாள்' என்ற வரி மட்டும் பாக்கி. மாப்பிள்ளை, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் உயிரோடு இருக்கிறேன்."

வேதக்காரர் வீட்டில் சாவு விழுந்தால் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்: கடைசியாக என்ன சொன்னாள்? திருநாமங்களைச் சொல்லிப் போயிருந்தால் நல்ல மரணம். பெற்றவர்களுக்கு அதற்கு மேல் ஆறுதல் இல்லை. குழிமேட்டில் ரபேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். சேசு மரி சூசை என்றான் கிரகோரி. திருச்சியில் இன்டர்மீடியட் வரை படித்தவன். அந்த நேரத்தில் வேறொன்றும் வாயில் வரவில்லை.

இனி அது கல்லில் ஏறப்போகிறது. ஏறிவிட்டால் அவள் சொல்லாதது நிலைத்துவிடும். சொன்னது அவனோடு போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடையை எடுத்தான். ஏழைகளுக்குக் கொடுக்க மடித்து வைத்திருந்த அவள் துணிகளிலிருந்து மஞ்சள் வாயில் துணிச் சேலையை உருவினான். அடிக்கோலை வைத்து நாலு சதுரம், பிசகில்லாமல் ஆறு அங்குலம். வெட்டித் தைத்தான். வரிசை மற்ற வரிசைகளைவிடக் குட்டையாக வந்தது. பிரித்துத் தைத்தான். அதே குட்டை.

வீட்டு வேலைக்கு வரும் அங்கம்மா, முறத்தில் கீரையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னாங்கய்யா, வரிச நொண்டுது?"

"ஆறு அங்குலம்தான். கோல் வெச்சுத்தான் வெட்டினேன்."

"கோலு என்னாத்தக் கண்டுச்சு? மடிச்சுத் தச்சா துணி உள்ள போவுமில்ல? சுத்தி வர கால் அங்குலம் தையலுக்கு விடணும். கிராணியம்மா விட்டிருக்காங்க பாருங்க. இம்புட்டுப் படிச்சு என்னா பிரயோசனம்!"

கத்தரின் வெட்டிவைத்து இன்னும் தைக்காத சதுரம் ஒன்றை அவன் அளந்து பார்த்தான். ஆறரை. சேலையை மறுபடி விரித்தான்.

அங்கம்மா கீரையை ஒதுக்கிவைத்தாள். "ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"அன்னிக்கு நான் ஏழு மணிக்கு வந்தப்பவே அவங்களுக்குப் பேச்சு இல்ல. மடியில துணி, கையில நூலில்லாத ஊசி. கூப்பிட்டேன், முழிச்சாங்க, அம்புட்டுத்தான். உங்களுக்கு ஆள் அனுப்பி நீங்க வரப்போ பத்து மணி, உசிரு போயிருச்சு. சாமி பேரு எப்போ சொன்னாங்க?"

கத்தரிக்கோல் சேலையில் பாதியில் நின்றது.

"பெரியவர் மனசு ஆறட்டும்னு சொன்னேன்."

"ஆறட்டும். உங்களுக்கு ஆறிடுச்சா?"

அவன் மீதியை வெட்டி முடித்தான். அவள் எழுந்து போய் இஸ்திரி போடும் கரிப்பெட்டியில் நெருப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். "தையலத் தேச்சுட்டு வரிசையச் சேருங்க. ஒரு வரிசத் தையல் மடிப்ப வலப்பக்கம் சாச்சா, அடுத்தது இடப்பக்கம். இல்லாட்டி மூலையில கட்டி கட்டியா நிக்கும்."

அவன் அப்படியே செய்தான். சதுரத்தோடு சதுரம், முகத்தோடு முகம் வைத்து, சின்னச் சின்ன ஓட்டுத்தையல். வரிசையோடு வரிசை. நடுவில் பழைய கம்பளி, அடியில் அவன் கட்டும் சாரம். மூன்றும் நகராதபடி சதுரம் கூடும் இடமெல்லாம் நூலால் ஒரு முடிச்சு. மூன்று சாயங்காலம் போயிற்று. இரண்டு விரலில் ஊசி ஏறியது. வலித்ததாக அவனுக்குத் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. கிரகோரி மாமனாரைத் தாங்கி வீட்டுக்குக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தான். போர்வையை மடியில் விரித்தான்.

ரபேல் வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தார். விரல் ஐந்தாவது வரிசையின் ஓரத்தில் நின்றது.

"இது வரைக்கும் அவ. இங்கேருந்து நீங்க."

"எப்படித் தெரியுது, மாமா?"

"உங்க தையலு சாராயம் குடிச்சிட்டு நடக்குது, மாப்ள." சிரிக்கப் போனவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் கல்லுக்காரன் கடைசி வரியக் கொத்துறான். கேக்கணும்னு இருந்தேன். மூணு பேரையும் ஒருதரம் சொன்னாளா, திருப்பித் திருப்பிச் சொன்னாளா?"

தகரக் கூரையில் மழை இரைந்தது. அடுக்களையில் அங்கம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

"அந்த வரி வேணாம், மாமா."

"ஏன்?"

"அவ சொல்லல. நான் சொன்னது பொய். அந்த நேரத்துல நான் பக்கத்துலயே இல்ல."

கிழவரின் கை போர்வையைக் கொத்தாகப் பிடித்தது. திட்டுவார் என்று கிரகோரி நின்றான். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பான்.  அவர் முழங்காலைப் போர்த்திக்கொண்டார். 

"கல்லு கெடக்கட்டும். எம்மக என்னதான் சொன்னா? அத எனக்குச் சொல்லுங்க."

கிரகோரி சொன்னான். காய்ச்சல் முந்தின நாளே இறங்கியிருந்தது, கஞ்சிகூடக் குடித்தாள். விடிவதற்குள் எழுந்து விளக்கடியில் துணியோடு உட்கார்ந்துவிட்டாள். பெரட்டு மணி அடித்து ஓய்ந்திருந்தது. அவன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் ஒரு கையில் ஊசியும் மறு கையில் நூலுமாக, எதிரெதிரே கொண்டுவந்து கொண்டுவந்து தவறவிட்டாள். பிறகு அவனைப் பார்த்து ஒன்று கேட்டாள். "நேரமாச்சு, வந்து பாக்கறேன்" என்று அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். அரை நிமிஷ வேலை. அவள் கேட்டது இதுதான்:

"இந்த ஊசிய மட்டும் கோத்துக் குடுத்துட்டுப் போங்களேன். கண்ணு என்னமோ சரியாத் தெரியல."