உங்க மெஷினில் போட்டுக் காட்டுங்க

ஜொவிட்டாவின் கம்ப்யூட்டர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் செத்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு 'டப்', பிறகு கருகிய வாடை. மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து மெயினை அணைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பெட்டிக்குள் மின்சாரத்தைப் பகிர்ந்து கொடுக்கும் பவர் சப்ளை போகும்போது மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, இரண்டு டிஸ்க்குகள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. அந்த டிஸ்க்குகளில்தான் அவளுடைய அனிமேஷன் படம் இருந்தது. பெசன்ட் நகர் கடற்கரையில் முட்டை உடைத்து வரும் ஆமைக்குஞ்சுகளைப் பற்றிய படம். விளம்பர வேலைகளுக்கு நடுவே, யாரும் கேட்காமல், தனக்கென்று அவள் செய்த ஒரே காரியம் அது. பிரதியையும் அதே பெட்டிக்குள் வைத்திருந்தாள்.

லஸ்ஸில் மாடியில் கடை வைத்திருக்கும் சக்திவேலிடம்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியிருந்தாள். வாங்கும்போதே சொல்லியிருந்தாள்: "மத்தது எதுல வேணா குறைச்சுக்கலாம். பவர் சப்ளை மட்டும் நல்லதா போடுங்க." அவர் தலையாட்டியிருந்தார்.

இப்போது கருகிய பெட்டியை மேஜையில் வைத்ததும் அவர் அதைத் தொடக்கூட இல்லை.

"உங்க வீட்டு வயரிங் சரியில்ல மேடம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? இவ்ளோ பெரிய மெஷின் உங்களுக்கு எதுக்கு? ஒரு லேப்டாப் வச்சு மெயில் பாத்துக்கலாம்ல."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஜொவிட்டா பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் அவள் கணவன் நோயல், "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போலாமா?" என்றான்.

"கோர்ட்டுல அவனுக்கு வலிக்காது."

உள்ளே தேங்கிய மின்சாரம் வடியட்டும் என்று சில நாள் விட்டு, அந்தப் பவர் சப்ளையைத் திறந்தாள். வெளியே எண்ணூற்றைம்பது வாட் என்று ஸ்டிக்கர். உள்ளே கட்டைவிரல் அளவு டிரான்ஸ்பார்மர். அதன் பக்கத்தில், கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டுமென்று ஓர் இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை.

அதன்பின் பவர் சப்ளையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். ஒன்று புரிந்தது. போலிச் சரக்கும் சும்மா ஓடும்போது ஒழுங்காகத்தான் ஓடும். பாரம் ஏறும்போதுதான் குட்டு உடையும்.

சக்திவேல் கடை வாசலில், பக்கவாட்டில் கண்ணாடி போட்ட கம்ப்யூட்டர் ஒன்று நீலமும் சிவப்புமாக மின்னிக்கொண்டிருக்கும். அதுதான் கடையின் கவுரவம். யாரையும் அவர் தொட விடமாட்டார். ஜொவிட்டா அதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டாள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம், கூட்டமான நேரமாகப் பார்த்துப் போனாள். "புது மெஷின் போடணும்" என்றதும் சக்திவேலின் முகம் மலர்ந்தது. பழையதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அதே ஸ்டிக்கர் ஒட்டிய பவர் சப்ளையை அவர் எடுத்து நீட்டினார்.

"இது தாங்குமா?"

"யானை பலம் மேடம்."

"அப்போ உங்க மெஷினில் போட்டுக் காட்டுங்க. அரை மணி நேரம் ஓடினா நான் ரெண்டு வாங்கிக்கிறேன்."

சக்திவேல் தயங்கினார். பக்கத்தில் நின்ற முருகையன், மந்தைவெளியில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ வைத்திருப்பவர், தன் பங்குக்கு, "இன்னா சார் யோசிக்கிறீங்க? நல்ல சரக்குன்னா போட்டுக் காட்றதுல இன்னா கீது? நானும் அதான வாங்க வந்துகீறேன்" என்றார்.

அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியவில்லை. வாசல் மெஷினில் இருந்த பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். விளக்குகள் எரிந்தன. "பாத்தீங்களா" என்று சிரித்தார். ஜொவிட்டா பென் டிரைவை நீட்டினாள். அதில் மெஷினின் முழுச் சக்தியையும் உறிஞ்சும் ஒரு காட்சி இருந்தது. ஓட விட்டாள். காற்றாடிகள் இரைந்தன.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதே 'டப்'. அதே வாடை. கண்ணாடிக்குள் புகை சுருண்டது.

"உங்க கடை வயரிங் சரியில்ல போலிருக்கு" என்று சொல்லிவிட்டு ஜொவிட்டா கிளம்பினாள். முருகையன் அவளுக்கு முன்பே படியிறங்கிக்கொண்டிருந்தார், போனில் யாரிடமோ இதைச் சொல்லியபடி.

அன்று அவள் பசித்துச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் கல்லூரிப் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். "நான் ஷண்முகப்ரியா. சக்திவேல் பொண்ணு. பில்லுல அட்ரஸ் பாத்து வந்தேன்."

ஜொவிட்டா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"அது அப்பா மெஷின் இல்லக்கா. என்னுது. நானே ஒவ்வொண்ணா சேத்து மாட்டினது. கடைக்கு அழகா இருக்கும்னு அங்க வச்சிருந்தாரு. என் ப்ராஜெக்ட் முழுக்க அதுல இருந்துச்சு."

ஜொவிட்டா கதவை முழுதாகத் திறந்தாள். உள்ளே வரச் சொன்னாள்.

"தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்க மாட்டீங்கள்ல?" என்று கேட்டாள் ப்ரியா.

ஜொவிட்டா யோசித்தாள். "செஞ்சிருப்பேன்னுதான் நினைக்கிறேன்."

ப்ரியா அவளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: "அவருக்குத் தெரியும்க்கா. அது போலின்னு தெரிஞ்சேதான் என் மெஷின்ல மாட்டினாரு. நாலு பேர் முன்னால மானம் போகக் கூடாதுன்னு." குரல் உடையவில்லை. "புதுசா கட்டப்போறேன். பவர் சப்ளை நீங்க பாத்துக் கொடுங்க."

"அதுல முதல்ல இருந்த பழசு நல்லதாச்சே. கழட்டி வச்சிருப்பாரே."

"அவர் வாங்கிக் கொடுத்தது. வேணாம்."

இருவரும் போனது சக்திவேலின் கடைக்கு நேர் எதிரே, அதே மாடியில் இருந்த கடைக்கு. தி. நகரில் இன்னும் நல்ல கடைகள் உண்டு. ப்ரியாவும் அதைச் சொல்லவில்லை, ஜொவிட்டாவும் சொல்லவில்லை.

"ஸ்டிக்கர்ல இருக்கற வாட்ஸை நம்பாத" என்றாள் ஜொவிட்டா. "பன்னெண்டு வோல்ட்டுக்கு எவ்ளோ ஆம்பியர்னு பாரு. உன் மெஷினுக்கு வேணுங்கறதைவிட அதிகமாவே இருக்கணும். நல்லதுன்னா கெடாததுன்னு இல்ல. கெட்டா தான் மட்டும் கெடும். கூட இருக்கறதைக் கொண்டுபோகாது."

எதிர்க்கடையிலிருந்து சக்திவேல் வெளியே வந்தார். வராந்தாவின் நடுவில் நின்றார்.

"ப்ரியா."

அவள் திரும்பவில்லை. கடைக்காரரிடம், "இதுக்கு எத்தனை வருஷம் வாரண்டி?" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள்.

"ப்ரியா, அம்மா தேடுறா. வா."

ப்ரியா கையிலிருந்த பெட்டியைப் படித்துக்கொண்டிருந்தாள். சக்திவேல் ஜொவிட்டாவைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. ஜொவிட்டா அதை நிதானமாக, வேண்டிய மட்டும் பார்த்தாள். ப்ரியா கையில் இருந்ததே நல்ல சரக்குதான். அதையே வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம்.

"அந்த மேல் தட்டுல இருக்கறதையும் எடுங்க" என்று அவள் கடைக்காரரிடம் சொன்னாள். "பிரிச்சுக் காட்டுங்க. எங்களுக்கு அவசரமில்ல."