தட்டில் விழுந்த வட்டம்

எண்பத்து மூன்றாம் வருஷத்துச் சாரலில் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்து குழல்வாய்மொழிக்குக் கால் முறிந்தது. எலும்பு கூடவில்லை, புண் சீழ் வைத்துக்கொண்டது. பென்சிலினுக்கும் கேட்கவில்லை, ஜென்டாமைசினுக்கும் கேட்கவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிர் தங்கும் என்றார் டாக்டர்.

அவள் கணவர் சாம்பசிவம் கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். அந்தச் சீழில் கொஞ்சம் கொண்டுபோய், ஆய்வகத்துக் கண்ணாடித் தட்டுகளில் கிருமியை வளர்த்தார். குற்றாலத்து மண்ணில் கிடைத்த பூஞ்சைகளை அதன் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். சிற்றாற்றங்கரை மருதமரத்தடி மண்ணில் வந்த ஒன்றைச் சுற்றி மட்டும் கிருமி அண்டவில்லை. கால் ரூபாய் அகலத்துக்குத் தெளிந்த வட்டம்.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் காட்டினார். காட்டியிருக்கக் கூடாது. தட்டிலிருந்து ஊசிமருந்தாக வர வருஷக்கணக்காகும். வராமலே போனாலும் போகும். அதை அவர் சொல்லவில்லை. வெகுநாள் கழித்து அவள் முகம் தெளிந்திருந்தது.

"அப்போ எதுக்குக் கால வெட்டணும்? வேண்டாம்னு டாக்டர்ட்ட சொல்லிருங்க."

சொல்லிவிட்டார்.

அடுத்த தட்டுக்கு மாற்றியபோது பூஞ்சை செழித்தது, வட்டம் விழவில்லை. அதற்கடுத்த தட்டிலும் இல்லை. அது தன் குணத்தைத் தொலைத்துவிட்டது. பழைய மண்ணும் மிச்சமில்லை.

மறுபடி எடுக்கத் தென்காசியிலிருந்து பஸ்ஸேறிப் போனார். மலையில் பெய்த மழைக்குக் கரையை ஆறு அறுத்துக்கொண்டு போயிருந்தது. மருதமரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. குனிந்து கரையைத் துழாவினார்.

அருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிற தளவாய் பார்த்துவிட்டு வந்தான். "என்ன சார் தேடுதிய? மோதிரம் கீதிரம் விழுந்துட்டா?"

"மண்ணு."

"மண்ணா! அது இந்நேரம் தென்காசியத் தாண்டியிருக்கும். நீங்க அங்கனயே நின்னு புடிச்சிருக்கலாம்லா? பஸ்சுக்காசாவது மிச்சம்."

சாம்பசிவம் வேறோர் இடத்தில் ஒரு பிடி அள்ளினார். பிறகு கையை உதறிவிட்டார்.

வீட்டில் குழல்வாய்மொழி குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"கெடச்சுதா?"

அவர் போர்வையை விலக்கிப் பார்த்தார். புண்ணின் சிவப்பு முட்டியைத் தாண்டித் தொடைக்கு ஏறியிருந்தது.

"கார் வரச் சொல்லியிருக்கேன். திருநெல்வேலிக்குப் போவோம். கால எடுத்துருவோம்."

அவள் அவரையே பார்த்தாள். "கிருமி சாவுதுன்னு நீங்கதான சொன்னிய. நானும் எங்கண்ணால பாத்தேனே."

"தட்டுல செத்துது."

வாசலில் ஹாரன் கேட்டதும் அவளைத் தூக்கினார். உடம்பு அனலாகக் கொதித்தது.

"முட்டிக்குக் கீழதான எடுப்பாவ?" என்றாள், அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு.

"ஆமா," என்றார் சாம்பசிவம்.