ஒன்பது பிடி உப்பு

எங்கள் ஊர்க் கருப்பசாமிக்கு மாசி மாதம் கறிச்சோறு படைக்கும்போது, படையல் முடியும்வரை யாரும் குழம்பை நாக்கில் வைக்கக் கூடாது. சாமிக்கு முன்னால் ருசி பார்த்தால் அது எச்சில். ஆகவே எண்ணூறு பேருக்குக் கொதிக்கும் குழம்பில் உப்பு சரியா தப்பா என்பதை ஆவியை மோந்து பார்த்தே சொல்ல வேண்டும். அதற்கு ஊரில் ஒரே ஆள்தான். அவனுக்கு உப்புக்கை என்று பெயர். முப்பத்திரண்டு வருடமாக அந்தக் கை என்னுடையது.

என் பெயர் மலைச்சாமி. வயது எழுபத்தொன்று. நத்தம் சாலையில் தக்காளித் தோட்டம். என் மூக்கைப் பற்றி நானே சொல்வது நன்றாக இருக்காது, இருந்தாலும் சொல்கிறேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குப் போகும் லாரி செம்பட்டியைத் தாண்டும்போது, என் தோட்டத்தில் நின்றபடியே அதில் இருப்பது முருங்கையா கத்திரியா என்று சொல்லிவிடுவேன். டிரைவர் குளித்தானா என்பதும் தெரியும். அது அவன் சொந்த விஷயம் என்பதால் சொல்வதில்லை. ஒரு வருடம் குழம்பு கொதிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அண்டாவுக்குள் விழுந்த சொட்டுகளை எண்ணி, அதற்குத் தக்கபடி இருபத்தோரு கல் உப்பைக் கூடுதலாகப் போட்டேன். இருபத்திரண்டாவது கல் விழுந்திருந்தால் ஊர் மானம் போயிருக்கும்.

இப்படிப்பட்ட கையில்தான் போன தை மாதம் நாகஜோதி பட்டையைச் சுற்றினாள். மருந்துப்பையோடு வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கும் பெண் அவள்.

"பெரியப்பா, நூத்தித் தொண்ணூறு இருக்கு. கீழ நூத்திப் பத்து."

"அம்புட்டா? பத்தாவதுல எல்லாப் பாடமும் சேத்தே நூத்தி எழுவதுதான் வாங்குனேன்."

"வெளையாடாதீங்க. தலை சுத்துதா? நெஞ்சு அடிச்சுக்குதா?"

"ஒண்ணும் பண்ணல."

"அதான் பயமே. ஒண்ணுமே பண்ணாது. பண்ற அன்னைக்கு ஆளைச் சாச்சுரும்."

ஒன்றும் செய்யாததைப் பார்த்துப் பயப்படு என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் அவள்தான். ஒன்றும் செய்யாதவர்களுக்கு ஓட்டுப் போடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம்.

மறுநாள் என் வீட்டுக்காரி சுப்புத்தாய் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டர் சௌந்தர்யா சின்னப் பெண். ரத்தத்தில் கொழுப்பும் கூடுதல் என்று சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கப்பா வாரம் ஒரு ஆட்டுத்தலை திம்பாரு தாயி. தொண்ணூத்தாறு வயசு இருந்தாரு. நோய்ல சாகல. புளியமரத்துல இருந்து விழுந்து செத்தாரு."

"தொண்ணூத்தாறுல மரம் ஏறுனாரா?"

"ஏறும்போது விழல. எறங்கும்போதுதான்."

அவள் சிரிக்கவில்லை. "பீடி குடிப்பாரா?"

"இல்ல."

"நத்தம் சந்தைக்கு எதுல போவாரு?"

"நடந்துதான்."

"நீங்க?"

"பைக்ல. பீடி ஒரு நாளைக்கு ஒரு கட்டு," என்று டாக்டர் என்னிடம் கேட்காததற்கும் சேர்த்துச் சுப்புத்தாய் பதில் சொன்னாள்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என் தோட்டத்தைப் பற்றி விசாரித்தாள். சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கிறேன் என்றேன். போர் தண்ணீரில் உப்புப் படிந்து குழாய் அடைத்தால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"மோட்டார் முக்கும். எங்க இத்துப்போயிருக்கோ அங்க வெடிக்கும்."

"உங்க ரத்தக்குழாய்ல படியிறது உப்பு இல்ல, கொழுப்பு. உப்பு செய்யிறது வேற வேலை. உடம்புல தண்ணியப் பிடிச்சு வச்சு அழுத்தத்த ஏத்தும். அந்த அழுத்தமும் பீடிப் புகையும் குழாயோட உள்பக்கத்தப் புண்ணாக்கும். அந்த எடத்துல கொழுப்பு ஒட்டும். தலையில வெடிச்சாலோ அடைச்சாலோ கை கால் விழும். நெஞ்சுல அடைச்சா மாரடைப்பு. மாத்திரை தினம் ஒண்ணு. உப்பக் கொறைங்க."

உப்புக்கையிடம் போய் உப்பைக் குறை என்றால்? மாத்திரையை வாங்கினேன். தகர டப்பாவில் பத்திரமாக வைத்தேன். சாப்பிடவில்லை.

விஷயம் என் பங்காளி ஈஸ்வரன் காதுக்குப் போனது. உப்புக்கை மேல் அவனுக்குப் பதினைந்து வருட ஆசை. கோயில் கூட்டத்தில் எழுந்தான்.

"உப்பே ஆகாதுன்னு டாக்டரு சொன்ன ஆளு அண்டாவுல உப்பள்ளிப் போடலாமா? அந்த ஆவியில சாஞ்சுட்டா? கறிச்சோறு அன்னைக்குச் சாவு விழுந்தா சாமிக்கு ஆகுமா?"

பூசாரி யோசித்தார். "மலைச்சாமி, பிரஷர் நூத்தி நாப்பதுக்குக் கீழன்னு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லாட்டி கை மாறிரும்."

மறு பரிசோதனைக்கு முன்னால் டப்பாவைத் திறந்தேன். அத்தனை மாத்திரையும் அப்படியே இருந்தது. நாலு நாள் தண்ணீர் காட்டாத வயலுக்கு நாங்கள் என்ன செய்வோம்? ஒரே நாளில் மடையைத் திறந்து விடுவோம். அதே கணக்கில் நாலு மாத்திரையைச் சேர்த்து விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெஞ்சிலிருந்து எழுந்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு மின்விசிறி என்னைப் பார்த்துக் கொண்டிருந்தது. காலை யாரோ உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

"எம்புட்டு தாயி?" என்றேன்.

"எம்பத்தெட்டு. எத்தனை மாத்திரை போட்டீங்க?"

"நூத்தி நாப்பதுக்குக் கீழதான இருக்கு? எழுதிக் குடுங்க."

டாக்டர் எழுதவில்லை. சாயங்காலம் வரை படுக்க வைத்தாள். "இது வயல் இல்லய்யா. மடை திறந்தா பயிரு நனையும். நீங்க செத்தே போயிருப்பீங்க," என்றாள். அவள் குரல் நடுங்கியது. என் உயிருக்காக என் சொந்தக்காரர்கள்கூட அப்படி நடுங்கியதில்லை. அது கொஞ்சம் உறைத்தது.

நான் ஊர் திரும்புவதற்குள் ஈஸ்வரன் அண்டாவைத் துலக்கப் போட்டுவிட்டான். நேராகக் கோயிலுக்குப் போனேன். நாகஜோதியையும் கூட்டிப் போனேன்.

"கை மாறட்டும். ஆனா மாறுற கைக்கும் அதே சட்டந்தான? ஏலே ஈஸ்வரா, கைய நீட்டு."

"எனக்கென்னண்ணே? கல்லு மாதிரி இருக்கேன்!"

"கல்லுக்கும் அளந்து பாப்போம். நீட்டு."

ஊரே பார்க்க நீட்டினான். மிஷின் உஸ் என்று மூச்சு விட்டது. நாகஜோதி மறுபடி அளந்தாள். இருநூற்று ஆறு.

"எனக்கு ஒண்ணுமே பண்ணலையே!" என்றான் ஈஸ்வரன். நான் சொன்ன அதே வார்த்தை. அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தபோது, என் முகம் அன்று எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது.

கறிச்சோற்றுக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் எவன் நூற்று நாற்பதுக்குக் கீழே எழுதி வாங்கி வருகிறானோ, கை அவனுக்கு என்று பூசாரி சொல்லிவிட்டார்.

அந்த ஒரு மாதமும் எங்கள் தெருவில் நடந்தது யுத்தம். டாக்டர் சொன்ன மாத்திரையை விடிந்ததும் ஈஸ்வரன் வீட்டு வாசலில் நின்று, அவன் பார்க்கும்படி விழுங்கினேன். அவனும் டாக்டர் தனக்கு எழுதியதில் ஒன்றைத் திண்ணையிலிருந்தே எடுத்துக் காட்டி விழுங்கினான். ஊறுகாய் ஜாடியைச் சுப்புத்தாய் தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாள். கருவாடு நாடு கடந்தது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் உப்பு பாதியானது. முதல் வாரம் சோறு, நனைத்த காகிதம் மாதிரி இருந்தது. மூன்றாம் வாரம் கத்திரிக்காய்க்குச் சொந்தமாக ஒரு ருசி இருப்பதைக் கண்டுபிடித்தேன். எழுபத்தொரு வருடம் அது என்னிடம் மறைத்திருக்கிறது. பீடியை விட்டதும் மூக்கு எப்படித் திறந்துகொண்டது என்றால், பழனிப் பஞ்சாமிர்தம் பிசையும் நாளெல்லாம் இங்கே இருந்தே தெரிந்தது.

காலையில் நான் கண்மாய்க் கரையில் நடந்தால் எதிரே ஈஸ்வரன் நடந்து வருவான். ஒருவரையொருவர் பார்க்காமல் வேகத்தைக் கூட்டுவோம்.

கறிச்சோற்றுக்கு முந்தின நாள் இருவரையும் டாக்டர் அளந்தாள். எனக்கு நூற்று முப்பத்தாறு. ஈஸ்வரனுக்கு நூற்று நாற்பத்திரண்டு.

"இன்னொரு தடவ பாருங்க தாயி," என்றான்.

"இதே பெரிய எறக்கம். நிப்பாட்டாமப் போடுங்க," என்றாள். எனக்கு மட்டும் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் அண்டா கொதித்தது. அந்த அண்டாவுக்கு ஒன்பது பிடி கல்லுப்பு. கை என்னிடம் வந்த நாளிலிருந்து அதுதான் கணக்கு. ஐந்து போட்டேன். ஆறு போட்டேன். ஆவி மேலே வந்தது. மோந்தேன். போதும் என்றது மூக்கு. ஊரே என் கையைப் பார்த்துக் கொண்டிருந்தது.

"மலைச்சாமி, இன்னும் மூணு இருக்கு," என்றார் பூசாரி.

"இல்ல. இம்புட்டுத்தான்."

"முப்பத்திரண்டு வருசமா ஒம்பது!"

"முப்பத்திரண்டு வருசமா பீடிப் புகை புடிச்ச மூக்கு சொன்ன கணக்கு அது. கை யாருதுப்பா? என்னுது. மூடு அண்டாவ."

படையல் முடிந்தது. இலை போட்டார்கள். முதல் வாய் வைத்ததும் பந்தியில் முணுமுணுப்பு. "என்னப்பு, சப்புன்னு இருக்கு!" "உப்பு பத்தலையே!" நாலு பக்கமும் தலைகள் என் பக்கம் திரும்பின. சாமி சோற்றுக்குத் தனியாக உப்புக் கேட்பது வழக்கம் இல்லை. ஆனால் உப்புக்கையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பூசாரி எழுந்துவிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் கடைசி இலையிலிருந்து ஈஸ்வரன் கத்தினான். என்னைத் தொலைப்பதற்காகத்தான் கத்தினான்.

"அநியாயம்! உப்புக் கரிக்குது! வாயில வைக்க முடியல!"

ஒரு மாதமாக அவன் வீட்டிலும் அரை உப்புதான். பொய் சொல்லவில்லை, பாவம்.

பூசாரி அவனைப் பார்த்தார். பந்தியைப் பார்த்தார்.

"இவுக கம்மிங்கிறாக. அவன் கூடங்கிறான். அப்ப நடுவுல சரியாத்தான் இருக்கு. உக்காந்து தின்னுங்கப்பா."

தின்றார்கள். அண்டா காலி.

சாயங்காலம் ஈஸ்வரன் வீட்டு வாசலில் போய் நின்றேன். "அடுத்த வருசம் அஞ்சு பிடி," என்றேன்.

"அடுத்த வருசம் நான் நூத்தி முப்பதுல வருவேன். கை எனக்குத்தான்," என்றான்.

"அதுவரைக்கும் உசுரோட இருடா," என்றேன்.

"நீ இருக்கிற வரைக்கும் நான் போமாட்டேன்."

மறுநாள் விடிந்ததும் மாத்திரையோடு போனேன். அவன் எனக்கு முன்னால் வாசலில் நின்றிருந்தான், கையில் தண்ணீர்ச் செம்போடு.