சாக்பீஸ் கோடு

…கரிதான், வேறென்னவாக இருக்கும், டீசல் வண்டியில் கரி இப்படித்தான் கோடு கோடாகப் படியும், பிரஷ் போட்டால் போய்விடும், போகாவிட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அவள் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வேனின் இன்ஜின் ஹெட்டைப் பெஞ்சின் மேல் மெல்லத் திருப்பினாள். தோள்பட்டை விண்ணென்று தெறித்தது. ஒரு ஆள் கனம் கனக்கிறது இந்த இரும்பு, இல்லை, ஆள் இதைவிடக் கனம், அதுவும் ஒரு பக்கம் விழுந்துவிட்ட ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறவளைக் கேட்டால் தெரியும், இரும்பாவது பிடித்த இடத்தில் பிடிபடும்… இன்று ஒரு நாள்தான். ஹெட் நல்லபடியாக இருந்துவிட்டால் சாயங்காலம் மாட்டிவிடலாம், மூத்தவர் தன் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார், இரவு அவள் படுத்தால் படுத்ததுதான், நடுவில் எழுந்திருக்க வேண்டாம், யாரையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டாம். பொன்னா கேட்கிறாள், பொருளா கேட்கிறாள், ஒரு முழு இரவுத் தூக்கம், அதைக் கேட்கக்கூட இப்படி இரும்பைச் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது.

மூத்தவர் என்றால் அவள் கணவனின் அண்ணன், அடுத்த மாசம் வந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று போனில் சொல்லியே காலத்தை ஓட்டியவர், அவர் சொன்ன அடுத்த மாசங்களை எல்லாம் சேர்த்தால் தனியாக ஒரு காலண்டரே அடிக்கலாம். என்ன தோன்றியதோ, நேற்று சொல்லாமல் கொள்ளாமல் வேனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார், வந்த வேன் பட்டறை வாசலை மிதிக்கும்போதே உலைப்பானை மாதிரி ஆவி விட்டது. சூட்டு முள் சிவப்புக்குப் போனதைப் பார்க்கவில்லையா என்று கணவன் கேட்டதற்கு, எந்த முள் என்று திருப்பிக் கேட்டார், புண்ணியவான். விடிந்ததும் கணவன் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டர்களுக்கு மேலே மூடி போல உட்கார்ந்து வால்வுகளைத் தாங்குகிற அந்தக் கனத்த இரும்பைத் தூக்கி, அவள் பெஞ்சில் வைத்துவிட்டு, புது கேஸ்கெட் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். "நீ பாத்துச் சொல்லு, நல்லா இருந்தா மாட்டிடலாம். வெடிச்சிருந்தா அவ்வளவுதான், இந்த வண்டிக்கு ஹெட் கெடைக்கறது குதிரைக்கொம்பு. அண்ணன் அப்பாவ விட்டுட்டு பஸ் ஏறிடுவாரு." அவளைத்தான் பார்த்துச் சொல்லச் சொன்னான், ஏனென்றால் அந்தப் பட்டறையில் ஹெட் வேலை அவளுடையது, அவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது, அவள் சரி என்றால் சரி, யாரும் மறுபடி பிரித்துப் பார்ப்பதில்லை. இன்றைக்கு அதுவே பாரமாக இருந்தது, வேறு யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை போலிருந்தது.

வால்வுகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் முக்கி எடுத்துக் கம்பிப் பிரஷ்ஷால் கரியைச் சுரண்டினாள், சுரண்டியதை அட்டைப் பெட்டியில் போட்டிருந்த துளையில் செருகினாள், கழற்றிய வரிசையிலேயே, மாற்றிவிடக் கூடாது, எந்த வால்வு எந்தச் சீட்டில் உட்கார்ந்து தேய்ந்ததோ அதில்தான் அது பொருந்தும், பக்கத்துச் சீட்டில் போட்டால் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும், ஆனால் ஒட்டாது… அவள் மாமனார், மாமாவும் அப்படித்தானே, ஜன்னலைப் பார்த்த கட்டில், முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிக்குக் கீழே ஒன்று, தேத்தண்ணீர் பாதி ஆறியிருக்க வேண்டும், இதெல்லாம் மூத்தவரின் மனைவிக்கு யார் சொல்வது, சொன்னால்தான் கேட்டுக்கொள்வாளா. சரி, அவர்கள் பாடு. மாமா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். வாதம் அடித்துப் பேச்சும் குழறிப்போன பிறகு தன் பழைய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார், ஒரு விசில் என்றால் நிறுத்து, செய்கிற வேலையை நிறுத்திவிட்டு வா, இரண்டு விசில் என்றால் ஆயிற்று, நீ போகலாம், வண்டியை எடு. அவளைக் கூப்பிடுவதே டிரைவரே என்றுதான், எல்லாச் சொல்லும் வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போனாலும் அந்த ஒன்று மட்டும் தெளிவாக வரும். ஆரம்பத்தில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அப்புறம் சிரிப்பு போய், வர்றேன் வர்றேன் என்று ஒரு சலிப்பு, அப்புறம் அதுவும் போய் வெறும் பெருமூச்சு… ஆமாம், காலையிலிருந்து விசிலே கேட்கவில்லையே? காது அதற்காகவே திறந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்தாள். வாசலில் வேனுக்குள் உட்கார்ந்திருக்கிறார், இன்ஜின் பிரித்துக் கிடக்கிற வண்டி மாமா, இப்போது ஏறி என்ன செய்யப்போகிறீர்கள் என்றால் கேட்டால்தானே, ஏற்று ஏற்று என்று இடது கையை ஆட்டி அடம்பிடித்து, மூத்தவர்தான் தூக்கிக் கதவோரச் சீட்டில் வைத்தார். பழக்க தோஷம், பஸ் வாசனை இல்லாமல் இருக்க முடியவில்லை போலும்.

சீட்டில் தேய்ப்புப் பசையைத் தொட்டுவைத்து, வால்வை ரப்பர்க் குச்சியில் ஒட்டி, உள்ளங்கைகளுக்கு நடுவில் இப்படியும் அப்படியும் உருட்டினாள், சரக் சரக்கென்று கரகரத்த சத்தம் போகப் போக மெலிந்து மழுங்கியது, எடுத்துத் துடைத்தால் விளிம்பில் சீராக ஒரு சாம்பல் வளையம், அடுத்தது, அதற்கடுத்தது. இதெல்லாம் பிறகு செய்கிற வேலை. எந்த ஹெட் வந்தாலும் முதல் காரியம் வெடிப்பு பார்ப்பது, வெடித்த ஹெட்டுக்கு வால்வு தேய்ப்பது வீண் வேலை என்று கணவனுக்கே பாடம் எடுத்தவள் அவள், இன்றைக்கு மட்டும் அதைக் கடைசிக்குத் தள்ளியிருக்கிறாள், ஏன் தள்ளினாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாள்? கரி நிறைய இருந்தது, அதனால். மூத்தவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். கால் நீட்டி உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்த மனிதர், இப்போது மூக்கு இரும்பில் இடிக்கிற மாதிரி குனிந்து பார்த்தார். "இங்க ஒரு கோடு தெரியுதேம்மா?" "அது வார்ப்புலயே இருக்கற கோடுங்க." "இது?" "அது சுரண்டின தடம்." "அப்ப இந்த மெல்லிசா இருக்கறது?" "அது உங்க தலைமுடிங்க." ஊதினாள், பறந்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டார். "இல்ல, பழைய வண்டியாச்சேன்னு பாத்தேன். எதுக்கும் நல்லா பாரு, அப்பாவ வெச்சுக்கிட்டு நடுவழியில நின்னுட்டா… அவசரமில்ல, இன்னும் ஒரு மாசம் ஆனாத்தான் என்ன?" ஓ, அப்படியா சங்கதி. சூட்டு முள் எது என்று தெரியாத மனிதருக்கு வெடிப்பு மட்டும் எப்படி இத்தனை இடத்தில் தெரிகிறது என்று பார்த்தால், அவரும் வேண்டிக்கொண்டுதான் நிற்கிறார், வெடிப்பு இருக்கக் கூடாது என்று அவள், இருக்க வேண்டும் என்று அவர். அவர் விரல் வைக்காத இடம் ஒன்றே ஒன்றுதான், நடுவில் இரண்டு சீட்டுகளுக்கு இடையில், முதலில் கரி என்று அவள் விட்டுவிட்ட இடம், அங்கே அவள் துணியைப் போட்டு வைத்திருந்தாள். துணி எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் வெளியே போனதும் வால்வுகளை மாட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, குழிகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுக் காத்திருந்தாள், வால்வு ஓரமாக ஒழுகுகிறதா என்று. ஒழுகவில்லை, எந்தக் குழியிலும் ஒரு சொட்டு இறங்கவில்லை, அவள் கை வேலையாயிற்றே. அந்த நிம்மதியில் கண் செருகியது, நின்றபடியே ஒரு கணம் தூங்கிக்கூட விட்டாள் போலிருக்கிறது, பெஞ்சு விளிம்பு நெஞ்சில் இடித்து விழித்துக்கொண்டாள். இனித் தள்ளுவதற்கு வேலை மிச்சமில்லை. மண்ணெண்ணெயைக் கவிழ்த்துக் கொட்டினாள், துணியை எடுத்தாள், அந்த இடத்தைப் பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்தாள், டூல் பெட்டியிலிருந்து சாக்பீஸை எடுத்து மேலே தேய்த்தாள், இரும்பு முகம் கழுவிப் பவுடர் போட்ட மாதிரி வெள்ளையாயிற்று. வெடிப்பு இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து சாக்பீஸை நனைக்கும், இல்லாவிட்டால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், அவ்வளவுதான் சோதனை. பார்த்துக்கொண்டே இருந்தாள். வெள்ளைதான். இன்னும் வெள்ளைதான். எங்கே படுக்கலாம், உள் அறையிலா, இல்லை மாமாவின் கட்டில் காலியாகத்தானே இருக்கும், ஜன்னல் காற்று வரும், அதிலேயே… சீ, என்ன நினைப்பு இது, அவர் இன்னும் தெருவைக்கூடத் தாண்டவில்லை. வெள்ளைக்கு நடுவில் ஒரு சாம்பல் புள்ளி. புள்ளி நீண்டது, ஒரு சீட்டிலிருந்து அடுத்த சீட்டுக்கு, பென்சிலால் இழுத்த மாதிரி நேராகப் போய்ச் சேர்ந்தது.

துடைத்துவிட்டால் போயிற்று. துணி கையில்தான் இருக்கிறது, ஒரு தேய்ப்பு, சாக்பீஸும் கிடையாது கோடும் கிடையாது, அவள் சரி என்றால் சரி. ஓடாது என்றும் இல்லை, ஓடும், கொஞ்ச தூரம் நன்றாகவே ஓடும், ஊருக்கே போய்ச் சேர்ந்தாலும் சேரும், போன பிறகு வெடித்தால் அவர்கள் தலையெழுத்து. நடுவழியில் நின்றால்? நின்றால் மூத்தவர் இறங்கி போனைக் காதில் வைத்துக்கொண்டு நிழலாகப் பார்த்துப் போய் நிற்பார், அந்த முள்ளைப் பார்க்காத மனிதர், மாமா உள்ளே வேகிற வெயிலில் ஒரு விசில் கொடுப்பார், யாரும் வரமாட்டார்கள், மறுபடி கொடுப்பார், ஒரு விசிலுக்கும் இரண்டு விசிலுக்கும் வித்தியாசம் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள் அங்கே… உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அழக்கூட வரவில்லை. துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள். "வெடிச்சிருக்குங்க," என்றாள், வாசல் பக்கம் குரல் கொடுத்து, தன் குரல் இத்தனை சாதாரணமாக வந்ததில் அவளுக்கே ஆச்சரியம். மூத்தவர் ஓடி வந்து கோட்டைப் பார்த்தார். "அடடா," என்றார், "அடடா, நான் அப்பவே நெனச்சேன்," என்று உச்சுக் கொட்டினார், ஆனால் காலையிலிருந்து காதுவரை ஏறியிருந்த தோள்கள் இரண்டும் அப்படியே இறங்கிவிட்டன, அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை, பாவம். "என்ன பண்றது, அடுத்த மாசம் பாத்துக்கலாம். அப்பாவுக்கு உன் கைதாம்மா பழக்கம், வேற எடம் அவருக்கு ஒத்துக்குமா?"

அப்போதுதான் வேனிலிருந்து விசில் வந்தது. கை தானாகத் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தது, ஒரு விசில் என்று நினைத்து. இல்லை, இரண்டு. அவள் நின்றாள். பட்டறை வாசல் வழியாக வேனின் ஜன்னல் தெரிந்தது, அதில் மாமாவின் தலை, இடது கையால் அவரே வாரிக்கொண்ட கோணல் வகிடு, மடியில் பை, காலில் ஷூ, ஆமாம், விடியற்காலையிலேயே ஷூ மாட்டச் சொல்லிக் காலை நீட்டினாரே, என்ன அவசரம் மாமா என்று சலித்துக்கொண்டுதானே மாட்டினாள். அவர் அவள் பக்கம் பார்க்கவில்லை, வீட்டுப் பக்கமும் பார்க்கவில்லை, முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், விசில் இன்னும் உதட்டில் இருந்தது. அனுப்பிவைக்கிறோமே, கடைசி நேரத்தில் அழுவாரோ, கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பாரோ என்று நேற்றிலிருந்து அவள் பயந்ததெல்லாம்… தனக்குத்தான் அலுத்துவிட்டது, தனக்குத்தான் ஓய்வு வேண்டும் என்று இத்தனை நாள் இருந்தாளே, அவருக்கு அலுத்திருக்காதா? ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு பெருமூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தவருக்கு? "நீயே போய்ச் சொல்லிடும்மா, நான் சொன்னா கேக்கமாட்டாரு," என்றார் மூத்தவர் முதுகுக்குப் பின்னால். கையெல்லாம் சாக்பீஸ், துடைக்கத் துடைக்க வெள்ளையாகவே வந்தது. மறுபடியும் இரண்டு விசில், இந்தத் தடவை கொஞ்சம் நீட்டி, தேத்தண்ணீர்க் கடையில் நேரம் கடத்துகிற டிரைவரைக் கூப்பிடுகிற மாதிரி. அவள் வேனைப் பார்த்து நடந்தாள், போய் என்ன சொல்வது என்று தெரியாமல்.